பல்லுக்கு 3டி ஸ்கேன் எடுக்கச் சொன்னால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை கைக்கு வந்தாலும் பல் வைத்தியம் அதற்குள் வராது. ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்யவேண்டிய சில தாடை அறுவைச் சிகிச்சைகளை விட்டால், பல் பிடுங்குவது முதல் எக்ஸ்றே வரை எல்லாம் உங்கள் காசு, அல்லது வேலையிடத்துக் காப்புறுதி, அல்லது கடைசியில் சொல்லும் அரச திட்டம். இந்த நிலையில் பல் வைத்தியர் 3டி ஸ்கேன் கேட்டால் சில நூறு டொலர் போகும். தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் என்ன தெரிந்தால் என்னுடைய சிகிச்சை எப்படி மாறும்?” நல்ல வைத்தியருக்கு இந்தக் கேள்வி கோபம் தராது. “ஞானப்பல்லின் வேர் நரம்பில் முட்டுகிறதா என்று பார்க்கவேண்டும், முட்டினால் முழுப்பல்லையும் எடுக்காமல் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுப்போம்” என்பது பதில். “இங்கே எல்லாருக்கும் எடுக்கிறனாங்கள்” என்பது பதில் அல்ல.

இங்கே பல் வைத்தியர்கள் சொல்லும் 3டி ஸ்கேன் அநேகமாக சிபிசிடி, அதாவது கூம்புக்கதிர் சிடி. ஆஸ்பத்திரி சிடி போலப் படுத்துக் குழாய்க்குள் போகத் தேவையில்லை. நின்றபடியோ இருந்தபடியோ நாடியைத் தாங்கியில் வைத்தால், தலையைச் சுற்றி ஒரு கை ஒரு தடவை சுழலும். 10 முதல் 40 விநாடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சுற்றில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி சேர்த்து, எந்தப் பக்கமும் வெட்டிப் பார்க்கக்கூடிய ஒரு முப்பரிமாண உருவத்தை ஆக்குகிறது. இந்த வகைக் கருவி 1990களின் கடைசியில் இத்தாலியில் தொடங்கி, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கேட்கவேண்டிய அடுத்த விஷயம் பெட்டியின் அளவு, அதாவது ஸ்கேனுக்குள் அகப்படும் பகுதி எவ்வளவு பெரியது என்பது. ஒரு பல்லைப் பார்க்க 4 அல்லது 5 சென்ரிமீற்றர் பெட்டி போதும். இரண்டு தாடையும் தேவையென்றால் ஏறத்தாழ 8 x 8. முகம் முழுவதும் வேண்டுமென்றால் 15க்கு மேல். சிறிய பெட்டியில் படத்தின் ஒரு புள்ளி 0.1 மில்லிமீற்றருக்கும் கீழே இறங்கும். பெரிய பெட்டியில் அது 0.3, 0.4 வரை போய்விடும். வேர்ச்சிகிச்சைக்கு முகம் முழுவதையும் எடுத்தால் கதிரும் கூடும், பார்க்கவேண்டிய மெல்லிய கால்வாயும் தெரியாது. “பெரிதாக எடுத்தால் எல்லாம் தெரியும்தானே” என்று நினைப்பது இயல்பு. இங்கே அது எடுபடாது.

ஞானப்பல்லுக்கு முதலில் எடுக்கவேண்டியது சாதாரண முழுத்தாடை எக்ஸ்றேதான். அதில் நரம்புக் கால்வாயின் வெள்ளைக்கோடு அறுந்திருந்தால், அல்லது கால்வாய் கடக்கும் இடத்தில் வேர் இருண்டு தெரிந்தால், அல்லது கால்வாயே வளைந்து விலகியிருந்தால் 3டி எடுப்பதில் நியாயம் உண்டு. வேரும் நரம்பும் தள்ளித் தள்ளி இருப்பது அந்த எக்ஸ்றேயிலேயே தெரிந்தால் காசை மிச்சம் பிடிக்கலாம்.

இம்பிளான்ட் வைப்பதற்கு, அதாவது தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதற்கு, நிலைமை வேறு. முழுத்தாடை எக்ஸ்றே எலும்பின் உயரத்தைப் பெருப்பித்துக் காட்டும், அதுவும் இடத்துக்கிடம் வேறு வேறு அளவில். 20 முதல் 30 சதவீதம் வரை கூடத் தெரிவது வழக்கம். அகலத்தை அது காட்டவே காட்டாது. கீழ்க் கடைவாய்ப் பகுதியில் எலும்பின் மேல்முனையிலிருந்து நரம்புக் கால்வாய் வரை 12 மி.மீ. இருக்கிறதென்று வையுங்கள். நரம்புக்கு மேலே 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி விடவேண்டும், ஆகவே 10 மி.மீ. திருகாணிதான் கொள்ளும். 4 மி.மீ. தடிப்புள்ள திருகாணிக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 1 மி.மீ. எலும்பு வேண்டும் என்பதால் அகலம் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5, பக்கத்து இம்பிளான்டிலிருந்து 3 மி.மீ. விலகவேண்டும். மேல் கடைவாயில் சிக்கல் நரம்பு அல்ல, சைனஸ், அதாவது மேல்தாடைக்கு மேலே உள்ள காற்றறை. அதன் தளத்துக்குக் கீழே 4, 5 மி.மீ. எலும்புதான் மிச்சம் என்றால் தளத்தை உயர்த்தி எலும்புத்தூள் நிரப்பும் வேலை சேரும், கட்டணமும் மாதங்களும் கூடும். இந்தக் கணக்கையெல்லாம் ஸ்கேன் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் எலும்பில் எத்தனை மி.மீ. என்று எண்ணாகச் சொல்லாத திட்டத்துக்கு முற்பணம் கட்டவேண்டாம்.

“கணினி வழிகாட்டி வைத்துச் செய்கிறோம்” என்று சொன்னால், வாய்க்குள் ஒளிக் கமெரா விட்டு எடுத்த பல்லின் மேற்பரப்பையும் சிபிசிடியின் எலும்பையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, துளையிட வழிகாட்டும் பிளாஸ்ரிக் அச்சு ஒன்றை அடித்திருப்பார்கள் என்று பொருள். நல்ல முறைதான். ஆனால் வாயில் உலோக மூடிகள் அதிகம் இருந்தால் இரண்டு படமும் சரியாகப் பொருந்தாது. பொருந்தினாலும் நடைமுறையில் ஏறத்தாழ 1 மி.மீ. விலகல் வரும். மேலே சொன்ன 2 மி.மீ. இடைவெளியை அச்சு இருக்கிறதே என்று குறைக்கக்கூடாததற்குக் காரணம் இதுதான்.

வேர்ச்சிகிச்சையில் 3டி கைகொடுப்பது முதல் தடவை செய்தது தோற்றபோது. மேல் முதற் கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது கால்வாய், வேர் உள்ளிருந்து அரிபடுவது, சைனஸுக்குள் சீழ் வடிவது, இவை சாதாரண எக்ஸ்றேக்குத் தப்பிவிடும். பிள்ளைகளில், வெளிவராத மேல் வேட்டைப்பல் பக்கத்து வேரை அரிக்கிறதா என்று பார்க்க எடுக்கலாம். கம்பி கட்டும் எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாக எடுப்பதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இந்த ஸ்கேன் காட்டாதவையும் உண்டு. முரசு, நாக்கு, கன்னம் போன்ற மென்தசையை அது பிரித்துக் காட்டாது. வாயில் ஆறாத புண்ணுக்கு இது பரிசோதனையே அல்ல. உலோகத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பட்டையும் வெள்ளைக் கீற்றும் விழும். மூடி போட்ட பல்லின் கீழே சூத்தை என்றும், கம்பி இறக்கிய வேரில் வெடிப்பு என்றும் தோன்றுவது வெறும் நிழலாக இருக்கலாம். அந்த நிழலை மட்டும் நம்பிப் பல்லைப் பிடுங்கச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

எடுக்கப் போகும்போது கழுத்துக்கு மேலே உள்ள உலோகம் எல்லாம் கழரவேண்டும்: தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கண்ணாடி, காதுக் கருவி, கழற்றும் பல்செற். எங்கள் பெண்களுக்கு மூக்குத்திதான் வில்லங்கம். வருடக்கணக்காகக் கழற்றாத திருகு அந்த நேரத்தில் அசையாது, அங்கே எண்ணெயும் இருக்காது. முதல் நாளே வீட்டில் கழற்றிப் பாருங்கள். மேல்தாடை ஸ்கேனில் அது நேரே பெட்டிக்குள் வரும். தாலிக்கொடி கழுத்தோடு ஒட்டியிருந்தால் கீழே இறக்கி உடுப்புக்குள் விட்டால் போதும் என்பார்கள், தடித்த கொடியென்றால் கழற்றச் சொல்வார்கள்.

சுழலும் நேரத்தில் எச்சில் விழுங்கக்கூடாது, கையைப் பின்தொடர்ந்து பார்க்கக்கூடாது. ஒரு விழுங்கலுக்கே எலும்பின் விளிம்பு இரட்டைக் கோடாகிவிடும், திரும்ப எடுத்தால் கதிர் இரட்டிப்பு. தொடங்கும் முன் விழுங்கிவிட்டு, கண்ணை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டாதபடி பஞ்சு கடிக்கத் தருவார்கள். தராவிட்டால் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால், சந்தேகம் என்றாலும்கூட, முதலே சொல்லுங்கள். ஈயக் கவசம் போடவில்லையே என்று பதறவேண்டாம். 2024இல் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கமே அது தேவையில்லை என்றது. கழுத்துக் கவசம் கதிரின் வழியில் வந்தால் படம்தான் கெடும்.

கதிரின் அளவைப் பற்றிப் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கனடாவில் மண்ணிலும் வானிலும் இருந்து ஒருவருக்கு இயற்கையாகச் சேருவது ஆண்டுக்குச் சராசரி 1,800 மைக்றோசீவேர்ட் (கதிரை அளக்கும் அலகு). முழுத்தாடை எக்ஸ்றே ஏறத்தாழ 20. சிபிசிடி பெட்டியையும் கருவியையும் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை. 100 என்று வைத்தால் மூன்று கிழமை சும்மா வாழ்ந்ததற்குச் சமன். பிள்ளைகளின் உடலுக்குக் கதிர் கூடுதலாகத் தாக்கும் என்பதால் அவர்களுக்குச் சிறிய பெட்டி, குறைந்த அளவு என்று வலியுறுத்துங்கள்.

ஒன்ராறியோவில் இந்தக் கருவி வைத்திருக்கும் பல் வைத்தியசாலைக்கு, பல் வைத்தியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான றோயல் கல்லூரியின் தனி அனுமதி வேண்டும். கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். அனுமதி இல்லாதவர் வேறிடத்துக்கு அனுப்புவார். எடுத்த 3டி படம் முழுவதையும் யாராவது வாசித்து அறிக்கை எழுதவேண்டும், கேட்ட பல்லை மட்டும் அல்ல. சைனஸ் கட்டி, தாடைக் குழி போன்றவை அந்த வாசிப்பில்தான் அகப்படும். “அறிக்கையை எழுதுவது யார்?” என்று கேளுங்கள். வாய்முகக் கதிரியல் இங்கே அங்கீகரிக்கப்பட்ட தனித்துறை. கட்டணம் சுடுகிறதென்றால் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பல் வைத்திய பீடத்தின் கிளினிக்கில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம்.

ஊரிலிருந்து வரும்போது பலர் ஸ்கேனைப் பெரிய பிலிம் தாளில் அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். அதில் அளக்கவும் முடியாது, வெட்டிப் பார்க்கவும் முடியாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எடுத்தால் டைகொம் கோப்பாக (ஸ்கேனின் மூலக் கோப்பு வகை) யுஎஸ்பியில் கேட்டு வாங்குங்கள். வட்ஸப்பில் வந்த படம் கணக்கில் வராது. இங்கேயும் உங்கள் பதிவின் பிரதியைக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு: 30 நாளுக்குள் தரவேண்டும், நியாயமான கட்டணம் அறவிடலாம். வேறு வைத்தியரிடம் மாறும்போது இந்தக் கோப்பு இருந்தால் இரண்டாம் ஸ்கேன் தேவைப்படாது. விதிவிலக்கு ஒன்று: பல் பிடுங்கு முன் எடுத்ததை இம்பிளான்டுக்குப் பாவிக்க முடியாது. பிடுங்கிய ஒரு வருடத்துக்குள் எலும்பின் அகலம் பாதிவரை சுருங்கக்கூடும்.

காசு விஷயம். காப்புறுதி இருந்தால் ஸ்கேனுக்கு முன் வைத்தியசாலையூடாக முன்மதிப்பீடு அனுப்பச் சொல்லி, எழுத்தில் பதில் வந்தபின் நாள் குறியுங்கள். பல திட்டங்கள் இம்பிளான்டுக்காக எடுத்த ஸ்கேனை இம்பிளான்டோடு சேர்த்தே மறுத்துவிடும். காப்புறுதி இல்லாத குடும்பங்களுக்குக் கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் உண்டு. குடும்பத்தின் சரிசெய்த நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்கவேண்டும். 70,000க்குக் கீழென்றால் திட்டக் கட்டணத்தில் உங்கள் பங்கு இல்லை, 80,000க்குக் கீழே 40 சதவீதம், அதற்கு மேலே 60. இம்பிளான்ட் இதில் இல்லை. கனடாவில் வரிக்கணக்குக் கொடுத்து அது மதிப்பிடப்பட்டிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். ஆகவே வருமானமே இல்லாத முதல் வருடமென்றாலும், கணவன் மனைவி இருவரும் வரிக்கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.