பிக் பாய் மாடல் ரயில்: முதல் ஓட்டத்துக்கு முன்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக ஆல்கோ நிறுவனம் 1941-லும் 1944-லும் செய்து கொடுத்த 25 நீராவி இன்ஜின்கள்தான் பிக் பாய். வாசாட்ச் மலை ஏற்றத்தில் சரக்கு இழுக்கப் பிறந்தவை. ஆலைத் தொழிலாளி யாரோ சாக்பீஸால் கிறுக்கிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஹெச்ஓ என்னும் மாடல் அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கில், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரோடு சேர்த்து சுமார் 46 சென்டிமீட்டர் நீளம் வரும். சாப்பாட்டு மேஜையில் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

1. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பாய்லரைப் பிடித்துத் தூக்குங்கள். சக்கரங்களை இணைக்கும் கம்பிகளில் விரல் படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் இன்ஜின் நொண்டும்.

2. தண்டவாளத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதில் இவ்வளவு அழுக்கு இருக்கும் என்று துணி கறுப்பாகும் வரை உங்களுக்கே நம்பிக்கை வராது.

3. இதுதான் முக்கியம். நிஜ இன்ஜினில் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரத் தொகுதிகள்; பாய்லர் பின் தொகுதியோடு இறுகியிருக்கும். முன் தொகுதி மட்டும் திரும்பும். பல மாடல்களில் சின்ன வளைவிலும் ஓடவேண்டும் என்பதற்காக இரண்டையுமே திரும்பவிடுகிறார்கள். அதனால் வளைவில் சக்கரம் ஒரு பக்கம் போக, பாய்லரின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வளைவின் வெளிப்பக்கம் களிமண் உருண்டைகளில் தீக்குச்சிகளை வரிசையாக நட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சாய்ந்த குச்சி இருக்கும் இடத்தில் எதையும் வைக்கக்கூடாது. இதைச் செய்யாமல் ஓட்டி ஒரு சிக்னல் கம்பத்தை நான் பலி கொடுத்தேன். வளைவின் ஆரம் 22 அங்குலமாவது இருக்கட்டும்; மாடல் வந்த அட்டைப்பெட்டியில் 18 போதும் என்று போட்டிருந்தாலும் பார்க்க அழகாக இருக்காது.

4. எண்ணெய் ஊசி முனையளவு போதும். பிளாஸ்டிக்கை அரிக்காதது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்.

5. அப்புறம், பெட்டி எதுவும் கோக்காமல் நடுத்தர வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி ஓடவிடுங்கள். எட்டெட்டாக இரண்டு தொகுதிச் சக்கரங்களும் ஒரே சீராகச் சுற்றுகின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒன்று தயங்கினால் பெரும்பாலும் நூலோ முடியோ சிக்கியிருக்கும்.

சரி, ஓடுகிறதா? இனி, அன்று பிக் பாய் இழுத்த, கலிபோர்னியாப் பழங்கள் ஏற்றிய ஆரஞ்சு நிறக் குளிர்பதனப் பெட்டிகளின் மாடல்களைப் பத்துப் பதினைந்தாகக் கோத்துவிடுங்கள்.