சிறு குழந்தைகளுடன் ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஐரோப்பாவுக்குக் குடும்பமாகப் புறப்படத் தீர்மானித்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் உருவாவது நகரங்களின் பட்டியல்தான். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிக், வெனிஸ், ரோம் என்று பத்து நாட்களுக்குள் ஐந்து ஊர்கள் அதில் ஏறிவிடும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடன் வருவதாக இருந்தால், அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டுவதிலும், நிலையத்தில் காத்திருப்பதிலும், பிற்பகல் மூன்று மணிக்கு முன் அறை கிடைக்காத புதிய ஊரில் களைத்த குழந்தையுடன் அலைவதிலுமே கழிந்துவிடும்; அன்றிரவு பழக்கமில்லாத படுக்கையில் குழந்தை தூங்க மறுத்தால் மறுநாளிலும் பாதி வீணாகும். ஓர் ஊரில் குறைந்தது நான்கு இரவுகள், இரண்டு வாரங்களுக்கு மூன்று ஊர்கள், ஊருக்கும் ஊருக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மிகாத ரயில் பயணம் என்ற கணக்கைத் தாண்டாமல் இருப்பதே குழந்தைக்கும் பெற்றோருக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்குக்குப் பொருந்தும் வழித்தடங்கள் பல உண்டு. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து வியன்னாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திலும் போய்ச் சேரலாம். பாரிஸிலிருந்து சூரிக்குக்கு நேரடி அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். சூரிக்கிலிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. தங்கும் ஊரை மையமாக வைத்துக்கொண்டு, பகலில் வெளியே சென்று மாலையில் அதே படுக்கைக்குத் திரும்புவது குழந்தைகளுக்கு மிகவும் ஒத்துவரும். லூசெர்னில் தங்கினால், ஏரியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றில் ஏறி, பிடித்த துறையில் இறங்கி, குழந்தை களைத்துப்போனால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடலாம்.

எந்த மாதத்தில் செல்வது என்பதைப் பள்ளி விடுமுறைதான் பல குடும்பங்களுக்குத் தீர்மானிக்கிறது. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கு மே மாதமும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். வெளிச்சம் இருக்கும்வரை உறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளுக்காக, கனமான திரைச்சீலை உள்ள அறையா என்று முன்பே விசாரித்துக்கொள்வது பயன் தரும். ஆகஸ்டில் பாரிஸின் சிறிய கடைகளிலும் உணவகங்களிலும் பல, சில வாரங்கள் மூடிக் கிடக்கும். வெப்ப அலை வீசும் நாட்களில், குளிர்சாதன வசதி இல்லாத பழைய கட்டடங்களில் குழந்தைகள் மிகவும் வாடிப்போவார்கள். டிசம்பரிலோ பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இந்தியாவிலிருந்து செல்வோருக்கு மத்திய ஐரோப்பா கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், முதல் சில நாட்கள் குழந்தை விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். அந்த நாட்களில் இரவு உணவை ஆறு மணிக்கே முடித்துவிட்டு, கூட்டம் சேராத காலைப் பொழுதைச் சுற்றிப் பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ள குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி ஷெங்கன் விசாவும் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) தேவை. பெரியவர்களுக்கு 90 யூரோவும், 6 வயது முடிந்து 12 வயது முடியாதவர்களுக்கு 45 யூரோவும் கட்டணம். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. 12 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பங்களை ஏற்பார்கள் என்பதால், கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு முன்பே நேரம் வாங்கிவிடுவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு குழந்தைக்கும் கட்டாயம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துச் செல்வதாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றுடன் வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனை இல்லை என்றாலும், ரயிலுக்குள் காவலர்கள் ஆவணம் கேட்பதுண்டு. ஆகவே ஊர் மாறும் நாளில் கடவுச்சீட்டுகளைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அடுக்குமாடி வீடே சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது. விடுதி அறைகள் பலவும் இருவருக்கு மட்டுமே ஆனவை; குழந்தையையும் எண்ணிக்கையில் சேர்த்து முன்பதிவு செய்யாவிட்டால் வரவேற்பறையில் சிக்கல் எழும். முன்பதிவு செய்யும்போதே லிஃப்ட் உண்டா என்பதையும், தரைத்தளத்துக்கு மேல் எத்தனையாவது தளம் என்பதையும் எழுதிக் கேளுங்கள். பழைய நகரப் பகுதிகளில் லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி வீடுகள் சாதாரணம். தொட்டில் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இரவு பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்தார் அமைதியை எதிர்பார்ப்பார்கள் என்பதைக் குழந்தைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடலாம். ஜெர்மனியில் இளைஞர் விடுதிகள் என்று பெயர் பெற்ற இடங்களில் குடும்ப அறைகளும் கிடைக்கும். பலவற்றில் விளையாட்டுத் திடலும் உண்டு.

இனி ரயில். காரைவிட ரயிலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், குழந்தை எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், பெற்றோர் இருவருமே அதன் அருகில் இருக்கலாம் என்பதுதான். கட்டணமும் குழந்தைகளுக்குப் பெரிதும் சாதகமானது. ஜெர்மனியில் 5 வயது வரை பயணச்சீட்டே வேண்டாம். 6 முதல் 14 வயது வரை உள்ளவர்கள் பெரியவருடன் தொலைதூர ரயிலில் இலவசமாகப் போகலாம், ஆனால் சீட்டு வாங்கும்போதே அவர்களையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கும் பெற்றோர், 16 வயது நிறையாத தம் பிள்ளைகளுக்கான குடும்ப அட்டையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பல நாடுகளில் செல்லுபடியாகும் யூரெயில் சீட்டு வாங்கினால், பெரியவர் ஒருவருக்கு 4 முதல் 11 வயதுள்ள இரு குழந்தைகள் வீதம் இலவசச் சீட்டு தருகிறார்கள். ஐரோப்பாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே சலுகை இன்டர்ரெயில் என்ற பெயரில் உண்டு.

பயணம் இலவசம் என்பதற்காக இருக்கையும் தானாகவே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மூன்று மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருப்பதைவிட அந்தச் சிறு தொகையைச் செலவிடுவது எவ்வளவோ மேல். முன்பதிவு செய்யும்போது எந்தப் பெட்டி என்பதையும் பாருங்கள். ஜெர்மனியின் ஐசிஇ எனப்படும் அதிவேக ரயில்களில் சிறு குழந்தையுடன் வருவோருக்கென்றே கதவுள்ள தனி அறை ஒன்று உண்டு. அங்கே குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆஸ்திரியாவின் அதிவேக ரயிலான ரெயில்ஜெட்டில் குடும்பப் பகுதியும் அதில் குழந்தைகளுக்கான படம் ஓடும் திரையும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விடக் குழந்தைகள் மறக்காதது சுவிட்சர்லாந்தின் இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில்களில் உள்ள குடும்பப் பெட்டிதான். அதன் மேல்தளத்தில் சறுக்குமரத்துடன் ஒரு விளையாட்டு இடமே அமைத்திருக்கிறார்கள். இத்தகைய ரயில் கிடைக்கும் என்றால், அதற்காக அரை மணி நேரம் தாமதமாகப் புறப்படுவதும் தகும்.

ரயில் மாறும் இடங்களில் கவனம் தேவை. கைபேசிச் செயலி ஏழு நிமிட இடைவெளியில் அடுத்த ரயிலைக் காட்டும். தள்ளுவண்டியும் பெட்டியும் குழந்தையுமாக லிஃப்டைத் தேடிச் செல்வோருக்கு அது போதாது. இருபது முதல் முப்பது நிமிட இடைவெளி உள்ள இணைப்பையே தேர்ந்தெடுங்கள். முடிந்தால் மாறவே வேண்டாத நேரடி ரயிலை எடுங்கள். ஜெர்மனியின் தொலைதூர ரயில்கள் அடிக்கடி தாமதமாகின்றன என்பது அந்நாட்டு மக்களே சொல்லும் குறை. ஆகையால் நாளின் கடைசி ரயிலை நம்பித் திட்டமிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். நடைமேடையில் உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பது பலகையில் தெரியும். முன்பே அங்கே போய் நில்லுங்கள். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குச் செல்லும் என்பதால், வேறு பெட்டியில் ஏறி உள்ளே நடந்து கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்தாகலாம். ஏறும்போது பெரியவர் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே முதலில் ஏற வேண்டும். மற்றவர் பெட்டிகளுடன் பின்னால் வரட்டும். குழந்தையை மட்டும் உள்ளே ஏற்றிவிட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பும் வழக்கம் வேண்டவே வேண்டாம், ஏனெனில் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்.

இந்த மூன்று ஊர்க் கணக்கில் அடங்காத நீண்ட தூரத்துக்கு இரவு ரயில் உதவும். வியன்னாவிலிருந்து வெனிஸுக்கும் ரோமுக்கும் நைட்ஜெட் ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் ஓர் அறை முழுவதையும் குடும்பத்துக்கென்று எடுத்துக்கொள்ள முடியும். அந்நியர்களுடன் அறையைப் பகிர்ந்துகொண்டு குழந்தையைத் தூங்கவைப்பது கடினம் என்பதால், செலவு கூடினாலும் இதையே செய்யுங்கள். சில மாதங்களுக்கு முன்பே இந்த அறைகள் நிறைந்துவிடும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்றே. ஐரோப்பிய நாடுகளில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது நிறையும்வரையோ 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரையோ அது வேண்டும். டாக்சிக்கும் முன்கூட்டியே சொல்லி இருக்கையுடன் வரவழைப்பது பாதுகாப்பானது.

நகருக்குள் தள்ளுவண்டி எல்லா இடத்திலும் உதவாது. வெனிஸின் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகளால் ஆனவை. அங்கே குழந்தையை உடலோடு கட்டிக்கொள்ளும் பையே ஒரே வழி. பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்களில் படிகள்தான் மிகுதி. 14ஆம் தடத்தில் மட்டும் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருப்பதால், மற்ற இடங்களுக்குப் பேருந்தில் செல்லுங்கள். வியன்னா, மியூனிக், சூரிக் ஆகிய ஊர்களில் தள்ளுவண்டியுடன் தாராளமாக நடமாடலாம். மடக்கினால் ஒரே கையில் தூக்கக்கூடிய, கற்கள் பதித்த தெருவிலும் உருளக்கூடிய வண்டியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே, அதுவும் முற்பகலில். பிற்பகலைப் பூங்காவுக்கு விட்டுவிடுங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் குழந்தைக்கான சீட்டு வீணாயிற்றே என்ற வருத்தம் இருக்காது. அதே பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்தின் தடாகத்தில் சிறு பாய்மரப் படகுகளை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளிவிடும் விளையாட்டு பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. வியன்னாவில் 1752இல் தொடங்கிய ஷோன்ப்ரூன் உயிரியல் பூங்காவும், மியூனிக்கின் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகமான டாய்ச்சஸ் மியூசியமும், ரயில் இன்ஜின்களும் விமானங்களும் நிறைந்த லூசெர்னின் போக்குவரத்து அருங்காட்சியகமும் சிறுவர்களை நாள் முழுவதும் ஈர்த்து வைத்திருக்கும். அரண்மனைகளையும் தேவாலயங்களையும் பெற்றோர் முறைவைத்துக்கொண்டு, ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர் குழந்தையுடன் வெளியே இருந்து பார்க்கலாம்.

உணவுக்கு வருவோம். இத்தாலியில் இரவு உணவகங்கள் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ஸ்பெயினில் எட்டரைக்கும் மேலாகும். எனவே மதியம் வெளியே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரவில் வீட்டில் சோறு வடித்துத் தயிர் பிசைந்து கொடுப்பதே வசதி. இனிப்பில்லாத தயிரும் அரிசியும் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் பாலையும் டயப்பரையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையக் கடைகள் கைகொடுக்கும். பாரிஸில் இட்லி, தோசைக்குக் குழந்தை ஏங்கினால், இலங்கைத் தமிழர்கள் கடைகளும் உணவகங்களும் நடத்தும் லா ஷப்பெல் பகுதி ‘கார் து நோர்’ ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து நெய், பால்கோவா, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டுசெல்ல ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும், குளிரூட்டத் தேவையில்லாத மூடிய பொதியாக இருந்தால், 2 கிலோ வரை விலக்கு உண்டு.

காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். சிரப்பின் செறிவு நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே எத்தனை மில்லிலிட்டர் என்பதை மட்டும் நினைவில் வைக்காமல், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் மருந்தகத்தைப் பச்சைச் சிலுவையாலும், ஜெர்மனியில் சிவப்பு நிற எழுத்தாலும் அடையாளம் காணலாம். ஞாயிறன்று திறந்திருக்கும் மருந்தகத்தின் முகவரி மூடிய கடையின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். அவசரத்துக்கு ஒன்றியம் முழுவதும் 112 என்ற ஒரே எண். ஆஸ்திரியா, தென் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களின் புல்வெளிகளிலும் காடுகளிலும் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை நோய் பரப்பும் உண்ணிகள் இருக்கும்; விளையாடி வந்த பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றை அன்றிரவே பார்த்துவிடுங்கள். நாட்டுக் குறியீட்டுடன் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் குழந்தையின் கையில் கட்டிவிடுவதும், கட்டணக் கழிப்பறைகளுக்காக 50 சென்ட், 1 யூரோ நாணயங்களைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் தினமும் உதவும்.

திரும்பும் விமானம் புறப்படும் ஊருக்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். அன்று காலை ரயிலைப் பிடித்து நேரே விமான நிலையத்துக்குப் போகலாம் என்ற திட்டம், ஒரே ஒரு இணைப்பு தவறினாலும் குடும்பம் முழுவதற்கும் புதுச் சீட்டு வாங்க வைத்துவிடும்.