ஸ்லைடில் குரலும் வீடியோவும் சேர்ப்பது எப்படி: தேமா ‘மா’ ஆன கதை

அக்கா மகனுக்கு அலகிடுதல் புரியவில்லை; செய்யுளின் சீர்களை நேர், நிரை என்று அசை பிரித்து, தேமா, புளிமா என வாய்பாடு சொல்வதுதான் அது. அவன் கோவையில், நான் சென்னையில். பன்னிரண்டு ஸ்லைடு போட்டு, என் குரலையும் சேர்த்து வீடியோவாக அனுப்புகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். அனுப்பியதும் போன் வந்தது: “சித்தி, நீங்க மா, மா, விளம், விளம்னுதான் சொல்றீங்க. தேமா எது, புளிமா எது?”

கேட்டுப் பார்த்தால், உண்மைதான். நேரா நிரையா என்று காட்டும் முதல் அசையையே கணினி விழுங்கியிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதலில், எந்த மென்பொருள்? லிப்ரே ஆபீஸின் இம்ப்ரெஸ் எனக்குப் பிடிக்கும், இலவசமும்கூட. ஆனால் அதற்குள்ளேயே பேசிப் பதிய வழி இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகப் பதிந்து ஒட்ட வேண்டும். ஓபிஎஸ் ஸ்டூடியோவும் இலவசம்தான். அது திரையை ஒரே நீளக் கோப்பாகப் பதிவதால், ஒன்பதாவது ஸ்லைடில் நாக்குக் குழறினால் வெட்டி ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். பவர்பாயிண்ட் அந்தந்த ஸ்லைடின் குரலை அந்தந்த ஸ்லைடிலேயே வைக்கிறது. கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

1. மின்விசிறியை நிறுத்துங்கள். வயர் உள்ள இயர்போன் மைக்கே போதும். புளூடூத் இயர்போனில் மைக்கைப் பயன்படுத்தும்போது ஒலித்தரம் குறைந்துவிடும்.

2. வீடியோ சேர்க்க: ‘இன்சர்ட்’, ‘வீடியோ’, ‘திஸ் டிவைஸ்’. எம்பி4 கோப்பாக இருக்கட்டும். பிறகு ‘பிளேபேக்’ தாவலில் ‘ஸ்டார்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்கலி’ ஆக்குங்கள். வீடியோ ஓடும்போது நீங்களும் பேசுவதாக இருந்தால் அங்கேயே அதன் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

3. ‘ஸ்லைடு ஷோ’ தாவலில் ‘ரெக்கார்டு ஸ்லைடு ஷோ’. புதிய பதிப்புகளில் ‘ரெக்கார்டு’ என்று தனித் தாவலே இருக்கிறது.

இங்கேதான் நான் விழுந்தேன். ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வரும் அந்த டிரான்ஸிஷன் நேரத்தில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை. நானோ பட்டனைத் தட்டிக்கொண்டே “தேமா” என்று ஆரம்பித்திருக்கிறேன். ‘தே’ போய்விட்டது.

அதனால் அடுத்த ஸ்லைடு முழுதாக வந்து நின்றபின், மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணிவிட்டுப் பேசுங்கள். முடிக்கும்போதும் கடைசிச் சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு விட்டுத் தட்டுங்கள். இதைவிட எளிய வழி, டிரான்ஸிஷனையே எடுத்துவிடுவது: ‘டிரான்ஸிஷன்ஸ்’ தாவலில் ‘நன்’, ‘அப்ளை டு ஆல்’. பாடத்துக்கு ஸ்லைடு சுழன்று சுழன்று வர வேண்டிய அவசியம் என்ன? எடுத்த பிறகும் அந்த ஒரு எண்ணிக்கைப் பழக்கத்தை நான் விடவில்லை.

4. ஒரு ஸ்லைடு மட்டும் சொதப்பினால் அதில் நின்று ‘ஃப்ரம் கரண்ட் ஸ்லைடு’ கொடுத்து மீண்டும் பேசுங்கள். பேசி முடித்ததும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழக்க தோஷத்தில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டால் அதில் இருந்த நல்ல பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நான் இப்படி கருவிளத்தைத் திருத்தப் போய்க் கூவிளத்தை இழந்தேன்.

5. ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘கிரியேட் எ வீடியோ’. எழுத்து மட்டும் உள்ள பாடத்துக்கு 720பி போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் எழுத்து மங்கிவிடும்.

சேர்க்கை: “வீடியோ வந்தது, குரல் வரவில்லை, எல்லா ஸ்லைடும் ஐந்து விநாடியில் ஓடுகிறது” என்று இருவர் கேட்டிருந்தீர்கள். ஐந்தாம் படியில் ‘யூஸ் ரெக்கார்டட் டைமிங்ஸ் அண்டு நரேஷன்ஸ்’ தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். ‘டோன்ட்’ என்று தொடங்குவது தேர்வாகியிருந்தால் ஸ்லைடுக்கு ஐந்து விநாடிதான்.

இன்னொன்று: ஓபிஎஸ்ஸில்தான் செய்வேன் என்பவர்கள் எம்கேவி வடிவில் பதியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் போய்விடலாம். முடிந்தபின் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் எம்பி4 ஆக மாறிவிடும்.