எரிபொருளின் காபன் கணக்கு: உமியிலும் சாணத்திலும் நாம் விடும் தவறுகள்

உமியும் சாணமும் இங்கேயே கிடைக்கிற பொருள், அதனால் காபன் கணக்குப் பூச்சியம் என்று நம் பக்கத்தில் பலர் சொல்கிறார்கள். பாதி சரி. உமி எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டை நெற்பயிர் வளரும்போதே காற்றிலிருந்து எடுத்துவிட்டது. அதைப் பூச்சியமாக வைக்கலாம். ஆனால் காபன் செறிவு என்பது புகைபோக்கியோடு நிற்கிற எண் அல்ல. மூலப்பொருளைச் சேர்ப்பது, ஏற்றுவது, பதப்படுத்துவது, எரிப்பது என்று வழி முழுவதும் வெளிவந்த வாயுக்களைக் கூட்டி, கிடைத்த சக்தியால் வகுக்க வேண்டும். விடை, ஒரு மெகாயூலுக்கு இத்தனை கிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமன் என்று வரும்.

டீசலை எரிப்பதால் மட்டும் மெகாயூலுக்கு ஏறத்தாழ 74 கிராம். கிணற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதும் சேரும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் வாகன உயிர் எரிபொருளை ஒப்பிடும் புதைபடிவ எரிபொருளுக்கு 94 கிராம் வைத்திருக்கிறது. 2021 தொடக்கம் இயங்கும் ஆலைகளின் உயிர் எரிபொருள் இதைவிட 65 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 33 கிராமுக்குள். இந்த 33ஐ நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணக்குப் போடும்போது பெரும்பாலானோர் லொறியையும் உழவு இயந்திரத்தையும்தான் முதலில் பிடிப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற புகை அதுதான். சம்மாந்துறை ஆலையொன்றிலிருந்து ஒரு தொன் உமி ஏற்ற 10 லீற்றர் டீசல் போனது என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 2.7 கிலோ வீதம் 27 கிலோ காபனீரொட்சைட்டு. காய்ந்த உமி ஒரு தொன்னில் ஏறத்தாழ 14,000 மெகாயூல் இருக்கிறது. வகுத்தால் 2 கிராம்கூட வராது. எழுதத்தான் வேண்டும், ஆனால் அதில் நாள் முழுக்க மினக்கெட வேண்டாம்.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாத மெதேனில் இருக்கிறது. சாண எரிவாயுத் தொட்டியில் 100 பங்கு மெதேன் உருவாகி அதில் 5 பங்கு கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மெதேனில் 50 மெகாயூல் சக்தி. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் வலு காபனீரொட்சைட்டைப் போல 28 மடங்கு. அந்த 5 சதவீதக் கசிவு மட்டுமே மெகாயூலுக்கு 29 கிராமைத் தாண்டிவிடும். 33இல் மிச்சம் என்ன? கசிவு 10 சதவீதமானால் 62 கிராம். தொட்டியின் வாயிலிருந்து அடுப்புக்குப் போகும் றப்பர் குழாயின் மூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் அங்கே கசிகிறது. இதைவிட அதிகம் மறக்கப்படுவது, செரித்த சாணம் வழிந்து விழும் குழி. அதற்குள் மெதேன் இன்னும் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் அளந்தால் கணக்குப் பொய்தான்.

28 என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் ஐந்தாவது அறிக்கையில் உள்ள எண், நான்காவதில் 25. எரிபொருளின் காபன் எண்ணை அங்கீகரிக்கும் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ, அதன் விதி சொல்லும் எண்ணை எடுங்கள். ஒரு தாளில் 25, மறு தாளில் 28 இருந்தால் சரிபார்ப்பவர் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.

இன்னொரு தவறு, வெளிநாட்டு எண்ணைப் பார்த்து ஆசைப்படுவது. கலிபோர்னியாவின் பால் பண்ணை எரிவாயுவுக்குப் பூச்சியத்துக்கும் கீழான காபன் செறிவு கிடைத்திருக்கிறது. அங்கே சாணத்தைத் தண்ணீரால் கழுவிப் பெரிய குட்டைகளில் விடுகிறார்கள். காற்றுப் படாத அந்தக் குட்டைகளிலிருந்து மெதேன் ஏராளமாகக் கிளம்பும். அதைப் பிடித்ததற்காகக் கணக்கில் கழித்துக் கொடுப்பதால்தான் அந்த எண் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. நம் மட்டக்களப்புப் படுவான்கரையில் மாடுகள் வெளியில் மேய்கின்றன, சாணம் வெயிலில் காய்கிறது. அதில் உண்டாகும் மெதேன் மிகக் குறைவு. இல்லாத மெதேனைத் தடுத்தோம் என்று எழுத முடியாது. அந்தச் சாணத்தை அள்ளித் தொட்டிக்குள் போட்ட பிறகு கசிவது எல்லாம் நாமே புதிதாக உண்டாக்கியது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையில் கடன் எடுக்கிறவர்கள் நம் பிள்ளைகள்.

ஈரத்தையும் கவனியுங்கள். மாரி மழையில் ஆலைக்கு வெளியே குவிந்து கிடந்த உமியில் 30 சதவீதம் தண்ணீர் இருந்தால், கிலோவுக்கு 14 மெகாயூல் என்பது 9 அளவுக்கு இறங்கிவிடும். நனைந்த உமியை நிறுத்துவிட்டுக் காய்ந்த உமியின் சக்தியால் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். எண் அழகாக வரும், பொய்யாக வரும்.

அப்புறம், எது எச்சம், எது விளைபொருள்? ஐரோப்பிய விதியில் வைக்கோலும் உமியும் எச்சம். சேகரிக்கும் இடம் வரை அவற்றின் கணக்குப் பூச்சியம், வயலின் பசளையும் மெதேனும் அவற்றின் தலையில் ஏறாது. கரும்பின் கழிவுப்பாகு அப்படியல்ல. ஹிங்குரான போன்ற சீனித் தொழிற்சாலையின் பாகிலிருந்து எதனோல் எடுத்தால், கரும்பு வளர்த்த செலவில் பாகுக்கும் பங்கு உண்டு. எடைப்படி பிரித்தால் ஓர் எண், விலைப்படி பிரித்தால் இன்னோர் எண். ஐரோப்பிய விதி சக்தியின்படி பிரிக்கச் சொல்கிறது. பிடித்த முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை.

காத்தான்குடி, கல்முனைச் சாப்பாட்டுக் கடைகளின் பாவித்த எண்ணெய்க்கும் சேகரிக்கும் இடம் வரை பூச்சியம்தான். ஆனால் அதைக் கடதாசியில் நிரூபிக்க வேண்டும்: எந்தக் கடை, எந்தத் திகதி, எத்தனை கிலோ, யார் கையொப்பம். 20 லீற்றர் கானை 20 கிலோ என்று கொப்பியில் எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. உண்மையில் அது 18 கிலோ சொச்சம். நூறு கான் சேர்ந்தால் இல்லாத எண்ணெய் 160 கிலோ வரை ஏறிவிடும். கொடுத்த எண்ணெயையும் வந்த எண்ணெயையும் சரிபார்ப்பவர் ஒப்பிடும்போது, கலப்படம் செய்தோம் என்ற பழி நம்மேல் விழும்.

அங்கீகாரத்துக்குப் போகும்போது மிகக் குறைந்த எண்ணைக் காட்டத் துடிக்காதீர்கள். கலிபோர்னியாவில் முழு அங்கீகாரத்துக்கு 24 மாத இயக்கத் தரவு கேட்கிறார்கள். மின் கட்டணச் சீட்டு, டீசல் பற்றுச்சீட்டு, தராசுத் துண்டு எல்லாம் அதற்குள் வரும். வரட்சி ஆண்டில் நீர்மின் குறைந்து நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் பங்கு கூடும் என்பதால், நல்ல மழை பெய்த சில மாதங்களை மட்டும் காட்டி மின்சாரக் கணக்கை முடிக்கவும் முடியாது. கலிபோர்னியாவில் அங்கீகரிக்கப்படும் எண் ஒரு மேல்வரம்பு. பிறகு உங்கள் எண் அதைத் தாண்டினால் தண்டம் உங்களுக்கு. 24 கிராம் வந்தால் 26 என்று விண்ணப்பிக்கலாம், பாதுகாப்பு இடைவெளி சேர்க்க விதியே இடம் தருகிறது.