விற்பனைக்கும் கிடங்குக்கும் ஒரே எண்

விற்பனைப் பிரிவும் கிடங்குப் பிரிவும் முட்டிக்கொண்டால், தனித்தனி இலக்குகளை எடுத்துவிட்டு, "சொன்ன தேதியில் வாடிக்கையாளரைச் சென்றடைந்த ஆர்டர்கள்" என்ற ஒற்றை எண்ணை இருவருக்கும் பொதுவாகப் பலகையில் எழுதுங்கள். ஒரு பிரிவு மட்டும் முயன்றால் அந்த எண் ஏறாது. சரக்கு இருக்கிறதா என்று கிடங்கைக் கேட்டுவிட்டே விற்பனையாளர் தேதி கொடுப்பார். "நாம்" என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் நடத்திய சிறுவர் முகாம் ஆய்வில், எதிரணிகளை ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டும் பகை தணியவில்லை. தடைபட்ட குடிநீரைச் சேர்ந்து சரிசெய்ததும், கிளம்பாத லாரியைச் சேர்ந்து இழுத்ததும்தான் தணித்தன. அலுவலக விருந்து மட்டும் போதாது என்பது இதனால்தான். ஊக்கத்தொகையைத் தனிநபர் விற்பனைக்கே கொடுத்துவரும் இடத்தில் இது பலிக்காது; முதலில் அதை மாற்றுங்கள்.