மணப்பாடு: முத்துக்குளித்துறையில் ஒரு பகல்

திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்புங்கள். திருச்செந்தூர் வரை ரயிலோ பஸ்ஸோ, அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே சுமார் 18 கி.மீ. போனால் கடலோர ஊரான மணப்பாடு. ஏறும்போதே, பஸ் ஊருக்குள் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலேயே இறங்க நேர்ந்தால், நடை முழுக்க வெயிலில்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை வருவது நல்லது. ஆடிக்காற்றில் மணல் கண்ணிலும் கேமராவிலும் புகும். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவின் கடைசி நாட்களில் இந்தச் சாலைப் பக்கமே வர வேண்டாம். சூரசம்ஹாரக் கூட்டத்தில் வண்டி நகராது.

ஊரில் இறங்கியதும் முதலில் மணல்குன்றின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்துக்கு ஏறுங்கள். 1581இல் எழுந்த கோவில் இது. புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையே இங்கு முதலில் நடப்பட்டது என்பது ஊர் வழக்கு. 9 மணிக்குள் ஏறிவிட்டால் மணல் சுடாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பூசை நடந்தால் முடியும்வரை பின்னால் நில்லுங்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வருபவர்கள் முதல்நாளே வந்துவிட வேண்டும். அன்று குன்று முழுக்கத் தலைகள்தான்.

குன்றின் கடலோரப் பாறையில் இருக்கிறது புனித சவேரியார் குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். முத்துக் குளித்த பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போர்த்துகீசியரின் துணையை நாடி ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். இது தெரிந்து குகைக்குள் போனால்தான் அந்த இடத்தின் கனம் புரியும். அலை நனைக்கும் பாறையில் பாசி இருக்கும்; வழுக்கினால் பிடிக்க எதுவுமில்லை. ஆற்றுக் கழிமுகத்தில் குளிக்காதீர்கள். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று முழங்கால் ஆழமாக இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும். வேறு இடத்தில் இறங்குவதானாலும், கரையில் வலை பின்னும் அண்ணாச்சிகளிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தெருக்களில் இலங்கை வியாபாரக் காலத்துப் பெரிய வீடுகள் நிற்கின்றன. இன்றும் ஆட்கள் வாழும் வீடுகள் அவை. கேட்காமல் படம் எடுப்பது தவறு.

திரும்பும்போது பனையோலைப் பெட்டி வாங்குங்கள். பெண்கள் முடைவது, ஊரின் பெருமை. ஈரவிரலால் சாயத்தைத் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். அடிமுடைச்சல் நெருக்கமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வீட்டில் இளவெயிலில் காயவையுங்கள்.

கருப்பட்டி வாங்கப் பக்கத்து ஊரான உடன்குடிக்குப் போங்கள். அதன் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள். உள்ளே சீனிப் பரல் மினுங்கினால் கலப்படம். நல்லது மங்கலாக இருக்கும், வாயில் மெதுவாகத்தான் கரையும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து இளகிவிடும். ஓலைக் கொட்டானில் கேட்டு வாங்கி, அடுப்புப் பரண்போல் ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள்.