லாவோஸ் சாப்பாடு: நம் கைப்பழக்கம் கெடுக்கும் இடங்கள்

லாவோஸ் சமையலைத் தாய்லாந்துச் சமையலின் ஒரு கிளை என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. பப்பாளிக்காய் சாலட்டும் லாப் எனும் கொத்துக்கறி சாலட்டும் தாய் உணவகங்களில் கிடைப்பதால் வந்த குழப்பம் இது. அந்த உணவுகள் தாய்லாந்தின் வடகிழக்கில், லாவோ மொழி பேசும் மக்கள் வாழும் ஈசான் பகுதியில் வேரூன்றியவை. இனிப்பையும் தேங்காய்ப்பாலையும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்துக் காவ் சோய் நூடுல்ஸில்கூடத் தேங்காய்ப்பால் கிடையாது. பன்றிக் கொத்துக்கறியும் தக்காளியும் புளிக்கவைத்த சோயாவும்தான்.

பெரிய தவறு அரிசியில் நடக்கிறது. காவ் நியாவ் எனும் ஒட்டரிசியைக் குக்கரில் தண்ணீர் ஊற்றி விசில் விட்டால் பசைதான் கிடைக்கும். அதில் அமைலோஸ் எனும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை என்பதால் பருக்கைகள் தனித்து நிற்காது. இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டிக் கொதிக்கும் பானையின் வாயில் பொருத்துகிறார்கள். தண்ணீர் அரிசியைத் தொடவே கூடாது. நம் இட்லிப்பானைக் கணக்குத்தான். இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். நடுவில் ஒருமுறை கூடையைக் குலுக்கி அரிசியைப் புரட்டிவிட வேண்டும். வெந்ததும் பலகையில் பரப்பி ஆவியை வெளியே விட வேண்டும். அப்படியே மூடிவைத்தால் வியர்த்து நசநசத்துவிடும். ஆவி போனபின் திப் காவ் எனும் மூடிக்கூடைக்கு மாற்றுவார்கள். சாப்பிடும்போதும் அள்ளியவுடன் மூடியைப் போடுங்கள், இல்லையென்றால் சோறு விறைத்துவிடும். பாஸ்மதியோ பச்சரிசியோ இதற்கு மாற்றாகாது.

அடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தவறு: குழம்பை ஊற்றிப் பிசைவது. ஒட்டரிசி அதற்கானதல்ல. ஒரு கிள்ளு எடுத்து விரல்களால் உருட்டி, ஜேவ் எனும் சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். சூப்புக்குக் கரண்டி உண்டு. சாப்ஸ்டிக் நூடுல்ஸோடு நிற்கட்டும்.

லாப்பில் போடும் வறுத்த அரிசிப் பொடியைக் கடை மாவால் ஈடுகட்டாதீர்கள். ஒட்டரிசியைப் பொன்னிறமாக வறுத்துக் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். கடைசியில்தான் தூவ வேண்டும். முன்பே போட்டால் சாற்றைக் குடித்துக் கூழாகிவிடும்.

சைவர்கள் ஏமாறுவது பாதேக்கில். மீனை உப்போடும் தவிட்டோடும் மாதக்கணக்கில் புளிக்கவைத்த கெட்டிச் சாறு அது. வெறும் பப்பாளிக்காய்தானே என்று வாங்கும் தாம் மாக் ஹூங்கிலும், கத்தரிக்காய் ஜேவிலும் அது இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. பாதேக்கும் மீன் சாஸும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அசைவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கோய் பா என்பது பச்சை ஆற்று மீன். எலுமிச்சைச் சாறு மீனை வெளுக்கவைக்கும். அதிலுள்ள கல்லீரல் புழுவைக் கொல்லாது. அந்தப் புழு பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாவது உறுதியான மருத்துவ உண்மை. கூடவே சாராயம் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் பொய். வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மோக் பா இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு?

சாராயம் என்றதும் லாவோ லாவோ. அரிசியிலிருந்து வடிப்பது, வீடுகளிலும் காய்ச்சுவார்கள். விருந்துகளில் ஒரே கோப்பை ஆள் மாறிச் சுற்றி வரும். வேண்டாமென்றால் உதட்டில் தொட்டுத் தந்தாலே பெரும்பாலும் போதும். சுற்றுலா ஊர்களில் யாரோ இலவசமாக நீட்டும் கோப்பை வேறு விஷயம். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. மூடி உடைக்காத பீர்லாவோ பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் ஐஸ் போட்டுக் குடிப்பது அங்கே வழக்கம்தான், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காலையில் பொலவன் பீடபூமிக் காப்பி. கண்ணாடி டம்ளரின் அடியில் கண்டென்ஸ்டு மில்க் தங்கியிருக்கும். கலக்காமல் குடித்துவிட்டுக் கசக்கிறது என்று சொல்லாதீர்கள்.